உன் அம்மா அணைத்த சூடம்

கோமதிநாயகம்,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். திருநெல்வேலியில் உன் சேக்காளி வீட்டு மாடியில் மூன்று வேளையும் தின்றுகொண்டு, வக்கீல் சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் பண்ணிக்கொண்டு இருக்கிறாய். திங்கட்கிழமை இங்கே சங்கரன்கோவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உன் கேஸ் வருகிறது. அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துசேர வேண்டும் என்றுதான் கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கடிதத்துக்கு அடியில் எப்போதும் உன் அம்மா தன் கையால் இரண்டு வரி எழுதுவாள். இந்தத் தடவை அவள் கையெழுத்து இருக்காது. அவளால் பேனா பிடிக்க முடியவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பதே நேற்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முழுக்கப் படி. பாதியில் மடித்து வைத்தாயானால் நீ என் பிள்ளை இல்லை.

நீ செய்த காரியத்தை உனக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றைக்கு உனக்கு நிதானம் இல்லையே! நம் பக்கம் மதுவிலக்கு வந்ததிலிருந்து மைனர்கள் எல்லாரும் காரைப் போட்டுக்கொண்டு எல்லை தாண்டுகிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆரியங்காவு தாண்டி, திருவிதாங்கூர் சீமைக்குள் போய்க் குடித்துவிட்டு, வாயில் ஏலக்காயைப் போட்டு மென்றுகொண்டு திரும்பி வருவார்கள். என் பிள்ளையும் அந்தக் கும்பலில் ஒருத்தன் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழம் ஏற்றிக்கொண்டு மாடசாமி தன் மாட்டுவண்டியை ரோட்டின் ஓரத்தில், அவன் பக்கத்தில், நேராகத்தான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பட்டப்பகல். மூன்று மணி வெயில். எதிரே ஒரு வண்டி, ஒரு ஆடு, ஒரு மாடு கிடையாது. நீ காரில் பின்னால் வந்து இடித்துவிட்டாய். இடித்தவுடனே உன் அருமைச் சேக்காளிகள் இரண்டு பேரும் இறங்கிப் பருத்திக் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அவர்களை நம்பித்தான் நீ அம்மா அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு ஊர் சுற்றினாய்.

யாரோ ஓடிவந்து சொல்லி, நான் செருப்புக்கூடப் போடாமல் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் உன்னைத் தரையில் சுண்ணாம்பால் போட்ட கோட்டின்மேல் நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ நடந்தாய். என் பிள்ளை முதன்முதலில் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் இப்படித்தான் கையை விரித்துக்கொண்டு ஆடி ஆடி வந்தாய். அப்போது நானும் உன் அம்மாவும் கைதட்டிச் சிரித்தோம். இப்போது இரண்டு கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். பக்கத்துக் கட்டிலில் மாடசாமி முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரியக் கிடந்தான். என்னைப் பார்த்ததும், "அண்ணாச்சி, என் மாடு எப்படி இருக்கு? யாரும் சொல்ல மாட்டேங்காவ" என்று கேட்டான். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "மாடுதானவே, வேற வாங்கிக்கிடலாம்" என்றாய். ஒரு மாடு அங்கேயே விழுந்து செத்துப்போயிருந்தது. இன்னொன்று மூன்று காலில் நின்றது. நீ அந்தக் கார் வாங்கின அன்று உன் அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னாளே, அந்தப் பழம் மாடசாமி தன் வண்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. "தம்பி நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தான். நல்லாத்தான் இருக்கிறாய்!

உன் மூச்சு என் முகத்தில் பட்டது. நான் நாட்டு மருந்துக்கடைக்காரன். முப்பது வருஷமாகப் பூவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்து அரிஷ்டம் போடுகிறவன். கஷாயம் எது, அரிஷ்டம் எது, சாராயம் எது என்று எனக்கு யாரும் மோந்து சொல்ல வேண்டாம். அது திருவிதாங்கூர்ச் சரக்கு. அதைத் தெரிந்துகொண்டுதான் நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல், மாடசாமியையும் அவன் தம்பியையும் கூட்டிக்கொண்டு அன்று சாயங்காலமே பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று இங்கே டாக்டர் பயந்தார். அங்கே கால் தப்பியது. நான் அவன் கட்டிலடியில் இருந்த அந்த நாட்களில் வீட்டில் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீ ஜாமீனில் வந்தாய். உன் அம்மா அழுதாள். கேட்டாள். நீ வாய் கூசாமல், "அப்பா கடை அரிஷ்டந்தாம்மா. வயித்து வலி தாங்கலன்னு ரெண்டு மடக்குக் கூடுதலா குடிச்சிட்டேன். அந்த வாடையத்தான் டாக்டர் தப்பா எழுதிட்டாரு" என்று சொன்னாய். சொல்லிவிட்டு வக்கீலைப் பார்க்கத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிவிட்டாய். அவள் நம்பினாள். நீ சொன்னால் அவள் நம்புவாள் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் பனங்கற்கண்டு டப்பாவைக் காலி பண்ணிவிட்டு எறும்பு தின்றது என்று சொன்னபோதும் நம்பினவள்தானே! அன்றைக்கு நான் கம்பை எடுத்தேன். அவள் குறுக்கே வந்து நின்று, "எறும்புன்னு சொல்லுதாம்லா, அப்ப எறும்புதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நம்பிக்கையைத்தான் நீ இத்தனை வருஷமாகத் தின்று வளர்ந்திருக்கிறாய்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? மறுநாள் வெள்ளிக்கிழமை, யாரிடமும் கேட்காமல், ஒரு தூக்கில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு மாடசாமி வீட்டுக்கு நடந்தே போயிருக்கிறாள். அவன் பெண்டாட்டி பேச்சி வாசலில் அந்த மூன்று கால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். இவள் போய், என் பிள்ளை குடிக்கவில்லை, மருந்துதான் சாப்பிட்டான், நிதானமாகத்தான் ஓட்டினான், ஏதோ போதாத நேரம் என்று சொல்லியிருக்கிறாள். பேச்சி அழவும் இல்லையாம், ஏசவும் இல்லையாம். "கோர்ட்டுல ஆயிரம் சொல்லுவாவ அம்மா. எனக்கு அது வெளங்காது. கோமதியம்மன் வாசல்ல சூடத்த அணைச்சுச் சொல்லுங்க. உங்க பிள்ள குடிக்கலன்னு நீங்க அணைச்சிட்டியன்னா, எங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்த உங்க பிள்ளைக்கு எதிரா சொல்ல மாட்டாரு. அதுக்கு நான் ஜவாப்பு" என்று சொல்லியிருக்கிறாள்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நீ. சூடம் அணைப்பது என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கோர்ட்டில் பைபிளையும் கீதையையும் தொட்டுச் சத்தியம் பண்ணிவிட்டு வெளியே வந்து சிரித்துக்கொண்டே வெற்றிலை போடுகிறவன்கூட, எரிகிற சூடத்துக்கு முன்னால் கையை நீட்டச் சொன்னால் நடுங்குவான். வியாபாரத்தில் தகராறு வந்தாலும் சரி, வரப்புச் சண்டை வந்தாலும் சரி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால் அதற்கு மேல் நம் ஊரில் பேச்சு கிடையாது. எதிராளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான். உன் அம்மா கோயில் வாசலில், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில், பேச்சி பார்க்க, ஒரு கட்டிச் சூடத்தைக் கொளுத்தி வைத்தாள். "என் பிள்ள கோமதிநாயகத்து மேல ஆணையா, அவன் குடிக்கல" என்று சொன்னாள். சொல்லி அணைத்தாள். அணைக்கிறவர்கள் பட்டென்று அடித்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். இவள் எடுக்கவில்லையாம். பேச்சியே ஓடிவந்து இவள் கையைப் பிடித்து இழுத்து, கோயிலில் கொடுக்கிற புற்று மண்ணைக் குழைத்துப் பூசி, வீடுவரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

நான் பாளையங்கோட்டையிலிருந்து வந்து பார்க்கிறேன், அடுப்படியில் இடது கையால் சோறு வடித்துக்கொண்டு நிற்கிறாள். "ஏட்டி, கையில என்ன?" என்றேன். சொன்னாள். சந்தோஷமாகச் சொன்னாள்! "எடுத்திட்டா சந்தேகப்படுவாளேன்னுதான் கைய எடுக்கல. நம்ம பிள்ளைக்குச் செய்ததுதானே, நோவே தெரியல" என்றாள். கோமதிநாயகம், அப்போது அவளிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீயே சொல்லு. கடையில் உள்ள எண்ணெயைப் போட்டேன், களிம்பைப் போட்டேன். அவள் எங்கே கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள்? தண்ணீரில் விட்டு விட்டுச் சீழ் வைத்துவிட்டது. இப்போது நாள்தோறும் கழுவிக் கட்டுகிறேன். கட்டும்போதெல்லாம் உன் பேரைச் சொல்லிப் பேசிக்கொண்டே இருக்கிறாள். நான் குனிந்துகொண்டு கட்டுகிறேன்.

இதுவரைக்கும்கூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பயந்தவன் ஒரு பொய் சொன்னான், அது இப்படி ஆகும் என்று அவன் நினைக்கவில்லை, தெரிந்தால் துடித்துப்போவான் என்று உனக்காக நானே எனக்குள் வாதாடிக்கொண்டு இருந்தேன். நேற்று உன் வக்கீல் வந்தார். கடையில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தேன். சுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்துவிட்டுச் சொல்கிறார்: "அண்ணாச்சி, டாக்டர் ரத்தம் எடுக்கல. வாடை அடிச்சது, கோட்டுமேல நேரா நடக்கலன்னுதான் எழுதியிருக்காரு. வாடைக்கு நமக்கு அரிஷ்டம் இருக்கு. நடக்காததுக்கு, மோதுனதுல தலையில அடின்னு சொல்லிக்கிடலாம். நீங்க கூண்டுல ஏறி, அன்னைக்குக் காலையில என் கையாலதான் கொடுத்தேன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும். அடையாளத்துக்கு ஒரு பாட்டில் கொடுங்க."

நான் எழுந்து அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பானையைக் காட்டினேன். காட்டாத்திப்பூவும் வெல்லமும் போட்டு, வாய்க்குத் துணி கட்டி, மேலே மண் பூசி மூடின பானை. பூசின மண்ணில் விரலால் இழுத்த கோடு கலையாமல் அப்படியே இருந்தது. "வக்கீலய்யா, போன பானை மழைக்காலத்துலயே தீந்துபோச்சு. இது இன்னும் தெறக்கல. அவன் இடிச்ச அன்னைக்கு என் கடையில ஒரு சொட்டு அரிஷ்டம் கிடையாது" என்றேன். அவர் சிரித்தார். "பானைய யாரு பாக்கப் போறா? பானையா வந்து சாட்சி சொல்லப் போவுது?" என்றார். "நான் சொல்லுவேன்" என்றேன்.

மதுவிலக்கு வந்த புதிதில் நம் கடை வாசலில் நின்ற கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். வயிற்று வலி, வாய்வுக் குத்து என்று ஊரில் உள்ள குடிகாரன் எல்லாம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அரிஷ்டத்துக்கு வந்தான். அன்றைக்கு நான் ஒரு முறை வைத்தேன். அரிஷ்டம் வேண்டுமானால் கடைக்குள் வந்து, என் கண் முன்னால், நான் அளந்து ஊற்றுகிற ஒரு அவுன்ஸைக் குடித்துவிட்டுப் போக வேண்டும். பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பது கிடையாது. மற்ற கடைக்காரர்கள் என்னைக் கேலி பண்ணினார்கள். நீயும்தான் கேலி பண்ணினாய். "அப்பா என்ன பால்வாடியா நடத்துதிய, சங்குல ஊத்திவிடுத மாதிரி?" என்று கேட்டாய். போலீஸ்காரர்கள் சோதனைக்கு வந்து எல்லாக் கடையையும் புரட்டினார்கள், நம் கடைக்குள் வந்து ஜாடியை மோந்து பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கடையின் பேரைச் சொல்லி, ஆளை மயக்குகிற சரக்கு அங்கேதான் விற்கிறது என்று கோர்ட்டில் சொல்லப் பார்க்கிறாய்! சரி, கடையில் மண் விழட்டும். எனக்கு வயதாகிவிட்டது. அதற்காகக்கூட நான் இவ்வளவு கொதிக்கவில்லை.

வக்கீல் போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க வராட்டாலும் பாதகமில்ல அண்ணாச்சி. உங்க வீட்டம்மாவ ஏத்திருதோம். அந்தக் கையப் பாத்தாலே மாஜிஸ்திரேட்டுக்கு மனசு எளகிரும். தம்பிதான் இந்த யோசனையச் சொன்னான். கெட்டிக்காரப் பையன்."

தம்பிதான் சொன்னானாம்! உன் வக்கீலின் குமாஸ்தா வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா அவனிடம், "பிள்ளைட்ட சொல்லுங்க, நான் சத்தியம் பண்ணியாச்சு, இனி அவனுக்குப் பயமில்ல" என்று கையைக் காட்டிச் சொல்லி அனுப்பினாளாம். அதைக் கேட்டு நீ துடிக்கவில்லை. பஸ் ஏறி ஓடிவரவில்லை. பெற்றவள் உன் பொய்க்காகத் தீயில் கையை வைத்துவிட்டாள் என்று சேதி வருகிறது, அதை அங்கேயே உட்கார்ந்து எப்படி உபயோகப்படுத்தலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். அடப்பாவி! அந்தக் கையால்தானடா உனக்குச் சோறு ஊட்டினாள். கட்டை அவிழ்த்துக் காட்டச் சொல்வாயா? கூண்டில் ஏற்றி, பத்துப் பேர் எட்டிப் பார்க்க, இதோ பாருங்கள் என்று விரிக்கச் சொல்வாயா? உனக்கு இத்தனை கல் நெஞ்சு யாரிடமிருந்து வந்தது என்று இரவெல்லாம் யோசித்துவிட்டேன். எனக்கு விளங்கவில்லை.

இன்று காலையில் மாடசாமியைப் பார்க்கப் போனேன். காலில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் வெசனப்படாதிய. அம்மா சூடம் அணைச்சாச்சு. நான்தான் தம்பிய என்னென்னமோ நெனச்சிட்டேன். மாடு மிரண்டு குறுக்க விழுந்திட்டுன்னு சொல்லிருதேன்" என்றான். ஒரு காலை இழந்திருக்க வேண்டியவன், மாட்டைப் பறிகொடுத்தவன், உன்னைச் சந்தேகப்பட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். செத்துப்போன தன் மாட்டின்மேல் பழியைப் போடப் போகிறான். மூன்று காலில் நிற்கிற மற்றதை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். கோர்ட்டில் வாதாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதுதான் முதல் குற்றம், தண்டனையைக் குறைக்க வேண்டும் என்று உன் வக்கீல் மன்றாடட்டும். அது அவருடைய தொழில், உன்னுடைய உரிமை. ஆனால் அரிஷ்டம் என்ற வார்த்தையும், மாடு மிரண்டது என்ற வார்த்தையும், உன் அம்மாவின் கையும் அந்தக் கோர்ட்டுக்குள் வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நீ வருகிறாய். நேரே வீட்டுக்கு வந்து உன் அம்மா முன்னால் உட்கார்ந்து, குடித்தேன், உன்னிடம் பொய் சொன்னேன் என்று நீயே சொல்கிறாய். நான் சொல்ல மாட்டேன். கட்டுப் போடுகிறபோது எத்தனையோ தடவை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. உன் தலைமேல் அவள் பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கிறாள் என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாள் என்று நினைத்துப் பார். அந்தப் பாவம் உன்மேல் விழாமல் தன்மேல் விழ வேண்டும் என்று அந்த நிமிஷத்திலிருந்தே அம்மனிடம் மன்றாட ஆரம்பித்துவிடுவாள். அவள் மிச்ச நாள் எல்லாம் அதிலேயே போகும். அதை நீ பக்கத்தில் இருந்து பார். பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு மாடசாமி வீட்டுக்குப் போ. பேச்சி காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு நில்.

திங்கட்கிழமை கூண்டில் ஏறி, குடித்தேன், ஓட்டினேன், இடித்தேன் என்று சொல். லைசென்ஸைப் பிடுங்கினால் பிடுங்கட்டும். ஜெயில் என்றால் போ. நான் வந்து பார்ப்பேன். திட்டிக்கொண்டேதான் வருவேன், ஆனாலும் வருவேன். வெளியே வந்ததும் மாடசாமி கால் ஊன்றி நடக்கிறவரைக்கும் அவன் வண்டியை நீதான் புளியங்குடிக்கு ஓட்டுகிறாய். மாட்டுக்கு ஏற்பாடு நான் பண்ணிவிட்டேன். காரில் பறந்த மைனர் எலுமிச்சம்பழ மூட்டைமேல் உட்கார்ந்து போகிறதை ஊர் பார்க்கட்டும். நீ ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால், திங்கட்கிழமை அந்தப் பானையை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே கோர்ட்டுக்கு வருவேன். சர்க்கார் தரப்பில் என்னைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டு, கூண்டில் ஏறி, உன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். செய்ய மாட்டேன் என்று நினைக்காதே. என்னை உனக்குத் தெரியும்.

இந்த வரி எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறாள். நான் காகிதத்தைக் கையால் மூடிக்கொண்டேன். "கோமதிக்கா எழுதுதிய? ரொம்பத் திட்டாதிய, அவனே பயந்து கெடப்பான்" என்கிறாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, தன்னுடைய இரண்டு வரியை என்னையே எழுதச் சொல்கிறாள். அவள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன். ஒரு எழுத்தை நான் மாற்றவில்லை.

"மக்கா, அம்மா கை ஆறிக்கிட்டு வருது, நீ வெசனப்படாத. எங்கிட்ட உண்மையச் சொன்ன பிள்ள நீ, அங்கன போயி யாருக்குப் பயப்படணும்? தலைய நிமிந்து நில்லு."